எக்செல் உறைந்து நிற்கிறது, 41 வரி இன்னும் சேவ் ஆகவில்லை: மூடுவதா, காத்திருப்பதா?

பாக்கிக்கணக்கு | மாலை 6.52

வணக்கம். ஃபோனில் இருந்து எழுதுகிறேன். விருதுநகரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். மதியம் சாப்பிட்டு வந்ததில் இருந்து பாக்கி லிஸ்ட் ஏற்றிக்கொண்டிருந்தேன். 41 வரி முடித்து, பிரிண்ட் எப்படி வரும் என்று பார்க்க கன்ட்ரோல் பி அழுத்தினேன். அவ்வளவுதான், திரை பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று இருக்கிறது. பெருக்கல் குறியை அழுத்தினால் ‘மூடவா, காத்திருக்கவா’ என்று ஒரு பெட்டி வருகிறது. காத்திருக்கச் சொல்லிவிட்டு பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் ஆனது. அன்றைக்கு டாஸ்க் மேனேஜரில் போய் எண்ட் டாஸ்க் கொடுத்தேன். மறுபடி திறந்தபோது காலையில் சேவ் செய்ததுதான் இருந்தது. இன்றும் அப்படிப் போனால் ராத்திரி ஒன்பது ஆகும். என்ன செய்யட்டும்? இப்போது எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

நேர்வழி | மாலை 6.58

பவர் பட்டனை நாலைந்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள், ஆஃப் ஆகிவிடும். ஆன் செய்தால் எக்செல் தானாக மீட்டுக் கொடுக்கும். நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

பழைய மதர்போர்டு | மாலை 7.01

தங்கச்சி, தயவுசெய்து பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் இதைச் செய்யுங்கள்.

வெளுத்துப்போன திரையில் வரிகள் மங்கலாகவாவது தெரிகிறதா? தெரிந்தால் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறைவதற்கு முன் அந்த ஜன்னல் எப்படி இருந்ததோ அந்தப் படத்தைத்தான் விண்டோஸ் அங்கே ஒட்டி வைத்திருக்கிறது. மூடினால் அதுவும் போய்விடும். கடைசியில் எதுவும் மீளாவிட்டாலும் படத்தைப் பார்த்துத் திரும்ப அடித்துவிடலாம்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் எக்செல் வரியில் சிபியு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பூஜ்யமா, அல்லது ஏதாவது எண் ஓடுகிறதா? எண்ட் டாஸ்க் கொடுக்க வேண்டாம், பார்த்து மட்டும் சொல்லுங்கள்.

பாக்கிக்கணக்கு | மாலை 7.06

படம் எடுத்துவிட்டேன் அண்ணா. கீழே இருக்கும் 27 வரி தெரிகிறது, மேலே இருப்பது திரைக்கு வெளியே போய்விட்டது. எக்செல் வரியில் சிபியு 0% தான். ஐந்து நிமிடமாக அப்படியே இருக்கிறது, அசையவில்லை.

பழைய மதர்போர்டு | மாலை 7.12

நல்ல சேதி. ஏன் என்று சொல்கிறேன்.

உறைந்து நிற்கும் எல்லாமே ஒரே மாதிரி இல்லை. எக்செல் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தால் சிபியு ஏறி நிற்கும். நாலு கோர் உள்ள கணினியில் ஒரு கோரை முழுதாகத் தின்றால் 25% என்று காட்டும். அப்படி இருந்தால் அது வேலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், பல சமயம் முடித்துவிடும். (ஒரே இடத்தில் சுற்றி மாட்டிக்கொண்டாலும் இதே எண்தான் வரும். அரை மணி நேரம் தாண்டினால் அப்படித்தான் நினைக்க வேண்டும்.) பூஜ்யத்தில் நின்றால் கதை வேறு. அது எதற்காகவோ காத்திருக்கிறது. வேறு ஒருவர் பதில் சொல்லாமல் இருக்கிறார், இது வாசலில் நிற்கிறது. அந்த வேறு ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் எக்செல்லை மூடவே வேண்டியதில்லை.

கண்டுபிடிக்கும் வழி டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போங்கள். பட்டியலில் எக்செல் வரியில் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் ‘அனலைஸ் வெய்ட் செயின்’ என்று இருக்கும். அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டியில் மரம்போலக் கிளை விரியும். எக்செல்லுக்குக் கீழே வேறு ஏதாவது பெயர் தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாக்கிக்கணக்கு | மாலை 7.19

பார்த்தேன். மேலே எக்செல். அதற்குக் கீழே ‘எஸ்பிஎல்வாவ்64’ என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் செய்ய ஒரு கட்டம். கீழே ‘எண்ட் பிராசஸ்’ பட்டன். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, வைரஸா?

பழைய மதர்போர்டு | மாலை 7.24

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். அது விண்டோஸின் சொந்த ஆள், பிரிண்டர் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எக்செல் 32 பிட் ஆகவும் விண்டோஸ் 64 பிட் ஆகவும் இருக்கும். 32 பிட் புரோகிராம் 64 பிட் பிரிண்டர் டிரைவரோடு (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நேரடியாகப் பேச முடியாது, இந்தத் தரகர்தான் நடுவில் நின்று பேசுவார்.

நீங்கள் கன்ட்ரோல் பி அழுத்தியதும் எக்செல் ‘தாள் எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு’ என்று பிரிண்டரைக் கேட்கப் போயிருக்கிறது. தரகர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பிரிண்டர் பதில் தரவில்லை.

இப்போது எக்செல்லுக்கு டிக் போடாதீர்கள். கீழே இருக்கும் தரகர் பெயருக்கு மட்டும் டிக் போட்டு ‘எண்ட் பிராசஸ்’ கொடுங்கள். அவரை முடித்தால் எக்செல்லுக்குக் கிடைப்பது ‘பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்ற பதில்தான். கெட்ட பதிலாக இருந்தாலும் ஒரு பதில் கிடைத்துவிட்டால் அது எழுந்துவிடும். கட்டாயம் எழும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இந்த மாதிரி கேஸில் பல தடவை எழுந்து பார்த்திருக்கிறேன்.

பாக்கிக்கணக்கு | மாலை 7.27

அண்ணா வந்துவிட்டது!! டிக் போட்டு அழுத்தினேன், ரெண்டு செகண்ட் ஒன்றும் இல்லை, அப்புறம் வெளுப்பு மறைந்து பச்சைக் கட்டம் பளிச்சென்று வந்தது. பிரிண்டர் சம்பந்தமாக ஏதோ ஒரு பெட்டி வந்தது, ஓகே கொடுத்தேன். 41 வரியும் இருக்கிறது. முதலில் சேவ் செய்தேன், அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

பழைய மதர்போர்டு | மாலை 7.31

சந்தோஷம் தங்கச்சி. கையோடு இரண்டு வேலை. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் ‘ஆட்டோ ரெக்கவர்’ டிக் இருக்கிறதா பாருங்கள். வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை பிரதி எடுக்கும்படி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை நகல்தான் கிடைத்தது என்கிறீர்களே, யாரோ அந்த டிக்கை எடுத்திருக்க வேண்டும். போட்டுவிட்டு 3 நிமிடம் என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் ‘டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டு ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதை டிஃபால்ட் ஆக்குங்கள். அது கணினிக்குள்ளேயே இருக்கும் பிரிண்டர், கேட்ட உடனே பதில் சொல்லும். தாளில் வேண்டும்போது மட்டும் நிஜ பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள்.

கெர்னல் தம்பி | இரவு 8.10

அண்ணா, இந்த வெய்ட் செயின் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் லினக்ஸ் ஆள். ஒரு சந்தேகம்: பெருக்கல் குறி, ஆல்ட் எஃப்4 இரண்டும் ஏன் உறைந்த புரோகிராமில் வேலை செய்வதில்லை? மூடுவது விண்டோஸின் வேலைதானே?

பழைய மதர்போர்டு | இரவு 8.34

இல்லை தம்பி, அங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறோம். பெருக்கல் குறி ஒரு கத்தி இல்லை, அது ஒரு கடிதம்.

ஜன்னல் வைத்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு தபால்பெட்டி உண்டு. மவுஸ் நகர்ந்தால் ஒரு கடிதம், கீ அழுத்தினால் ஒரு கடிதம், ஜன்னலைத் திரும்ப வரையச் சொல்லி ஒரு கடிதம். புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து வேலை செய்ய வேண்டும். பெருக்கல் குறியை அழுத்தினால் ‘தயவுசெய்து மூடிக்கொள்’ என்ற கடிதம் அதே பெட்டியில் விழுகிறது. அதைப் படித்தால்தான் எக்செல் ‘சேவ் செய்யட்டுமா’ என்று நம்மைக் கேட்கும், ஃபைலை ஒழுங்காகச் சாத்தும். பெட்டியைத் திறக்கவே ஆள் இல்லாதபோது எத்தனை கடிதம் போட்டு என்ன?

5 செகண்ட் பெட்டி திறக்கப்படவில்லை என்றால் விண்டோஸ் அந்த ஜன்னலை ஒளித்துவிட்டு, கடைசியாக இருந்த படத்தை வைத்து ஒரு பொம்மை ஜன்னலை அதே இடத்தில் நிறுத்துகிறது. அதன் தலையில்தான் நாட் ரெஸ்பாண்டிங் என்று எழுதியிருக்கும். இங்கிலீஷ்காரர்கள் இதைப் பேய் ஜன்னல் என்கிறார்கள். பொம்மையை இழுக்கலாம், சுருக்கலாம், மூடலாம், உள்ளே எதுவும் நடக்காது. ஆக அந்த வார்த்தைக்கு ‘செத்துவிட்டது’ என்று பொருள் இல்லை. ஐந்து செகண்டாகக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். கனமான ஃபைலைத் திறக்கும்போது நன்றாக இருக்கும் புரோகிராமே இந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, பிறகு சும்மா எழுந்து வரும்.

அந்த வெண்மையைப் பார்த்ததும் கிளிக் கிளிக் என்று தட்டுகிறோமே, அதுவும் வேண்டாம். ஒவ்வொரு தட்டும் இன்னொரு கடிதம்.

நேர்வழி | இரவு 8.50

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பவர் பட்டனில் என்ன தப்பு? இப்போது விண்டோஸ் எல்லாம் அதைத் தாங்கும். எனக்கு ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை.

பழைய மதர்போர்டு | இரவு 9.22

தம்பி, உங்களுக்கு வராதது நல்ல விஷயம். நான் 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் பார்க்கிறேன், வந்தவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள்.

விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். அது ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது, சரி. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த ஃபோல்டரில் என்ன பெயர் என்ற கணக்கை அது காப்பாற்றும். ஃபைலுக்குள்ளே நீங்கள் எழுதியதை அது காப்பாற்றாது. நடு எழுத்தில் கரண்ட் போனால் ஃபைல் பெயர் இருக்கும், அளவும் இருக்கும், உள்ளே பாதி குப்பையாக இருக்கலாம். மெமரியில் இருந்து டிஸ்குக்குப் போகாமல் காத்திருக்கும் எழுத்து உறைந்த புரோகிராமுடையது மட்டும் இல்லை, பின்னால் ஓடும் எல்லாவற்றுடையதும்தான்.

ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் மென்பொருள் உறைந்தது. பையன் பட்டனைப் பிடித்து அணைத்தான். திரும்பப் போட்டபோது டேட்டா ஃபைல் திறக்கவில்லை. ஒன்பது நாள் முந்தைய பேக்கப் இருந்தது. நடுவில் இருந்த ஒன்பது நாள் பில்லையும் கார்பன் நகலைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து ஏற்றினார்கள். அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம்தான் இதை யார் சொன்னாலும் நான் குறுக்கே விழுகிறேன்.

பட்டன் கடைசி வழி. கடைசியா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை: நம்லாக் அல்லது கேப்ஸ்லாக் கீயைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, எங்கோ ஒரு புரோகிராம்தான் மாட்டியிருக்கிறது. பல தடவை தட்டியும் விளக்கு அசையவில்லை என்றால் பெரும்பாலும் கணினியே நின்றுவிட்டது. அப்போது பட்டனைப் பிடியுங்கள், நான் தடுக்க மாட்டேன். திரை மட்டும் உறைந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பட்டனுக்கு முன் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும், திறந்திருக்கும் எதுவும் மூடாது.

நேர்வழி | இரவு 9.30

கார்பன் நகல் கதை உறைக்கிறது. இனி முதலில் நம்லாக்கைத் தட்டிப் பார்க்கிறேன்.

வடலிக்காற்று | இரவு 9.47

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய லப்டொப் 4 ஜிபி மெமரி, பழைய ஹாட் டிஸ்க். பிரௌசரில் இருபது பக்கம் திறந்துவிட்டால் கணினி முழுக்க இறுகிவிடும். டாஸ்க் மனேஜரில் சிபியு குறைவு, ஆனால் டிஸ்க் மட்டும் 100%. பாவம் பிரௌசர் என்று நினைத்துக்கொண்டு முழுதாக மூடிவிடுவேன், எழுதிக்கொண்டிருந்த மின்னஞ்சலும் போய்விடும். இதற்கும் வழி இருக்கோ?

இரவுப்பணி | இரவு 10.05

இருக்கிறது. குரோமுக்குள் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்துங்கள். பிரௌசருக்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு மெமரி தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஆக அதிகமாகத் தின்னும் ஒன்றை மட்டும் முடியுங்கள். அந்தப் பக்கம் உடைந்ததாகத் தெரியும், மின்னஞ்சல் பக்கம் அப்படியே இருக்கும்.

டிஸ்க் 100% என்பது மெமரி போதாமல் விண்டோஸ் டிஸ்கை மெமரி மாதிரி பயன்படுத்துவதால் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு கிளிக்கும் அரை நிமிடம் கழித்துத்தான் எடுபடும். கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள், அடங்கும். முடிந்தால் பழைய ஹாட் டிஸ்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போடுங்கள், வேறு கணினி மாதிரி ஆகிவிடும்.

கெர்னல் தம்பி | இரவு 10.31

லினக்ஸ் பக்கமும் சொல்லிவிடுகிறேன். கடிதம், கத்தி என்று அண்ணா சொன்னது எங்களிடம் எண்ணாகவே இருக்கிறது. ‘கில்’ கட்டளை சும்மா கொடுத்தால் போவது 15ஆம் எண் சிக்னல்: மூடிக்கொள் என்ற வேண்டுகோள். புரோகிராம் அதைப் பிடித்து, ஃபைலைச் சாத்தி, தானாக வெளியேறலாம். 9ஆம் எண் கத்தி. அதைப் புரோகிராமால் பிடிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. என் வகுப்பில் எல்லாரும் எடுத்த உடனே 9 தான் போடுகிறார்கள், நானும் அப்படித்தான். இன்றைக்கு இதைப் படித்தபிறகு 15 போட்டுப் பத்து செகண்ட் பார்த்துவிட்டு 9 போடப் போகிறேன்.

9 போட்டாலும் சாகாத ஒன்று உண்டு. ஓடும் புரோகிராம்களின் பட்டியலில் நிலை ‘டி’ (D) என்று இருந்தால், அது கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்குக்கோ நெட்வொர்க் டிரைவுக்கோ காத்திருக்கிறது. கழற்றிய பென்டிரைவ், அணைந்த சர்வர் மாதிரி. அந்தக் காத்திருப்பு முடியும்வரை எந்த சிக்னலும் எடுபடாது. அக்காவுடைய பிரிண்டர் கதைக்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம்.

எக்ஸ்11 என்ற முறையில் ஜன்னல்களைக் காட்டும் லினக்ஸ் திரையில் ‘எக்ஸ்கில்’ என்று ஒன்று இருக்கிறது, கட்டளை கொடுத்தால் மவுஸ் அம்பு மாறிவிடும், எந்த ஜன்னலைத் தொட்டாலும் அது போய்விடும். டெஸ்க்டாப்பிலேயே தொட்டுவிடாதீர்கள்.

அச்சுக்கோப்பு | இரவு 10.58

நான் மேக்கில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். எங்களுக்கு வானவில் பந்து சுற்ற ஆரம்பித்தால் அதுதான் சகுனம். கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் அழுத்தினால் ஓடும் புரோகிராம்களின் பட்டியல் வரும், உறைந்ததைத் தேர்ந்து ‘ஃபோர்ஸ் குவிட்’. எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்து அந்தப் புரோகிராமை இரட்டைக் கிளிக் செய்து ‘சாம்பிள்’ கொடுக்கலாம். நீளமாக எழுத்துக் கொட்டும், புரியாது. ஆனால் அதில் ஒரு எழுத்துருவின் பெயரோ பிளக்இன் பெயரோ திரும்பத் திரும்ப வந்தால் திருடன் அவன்தான். எனக்கு ஒரு பழுதான தமிழ் எழுத்துரு அப்படித்தான் மாட்டியது.

வடலிக்காற்று | இரவு 11.12

கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? எங்கள் காலத்தில் அதுதான் ஒரே மருந்து.

பழைய மதர்போர்டு | இரவு 11.40

அதற்கு நல்ல கதை உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியை உருவாக்கிய குழுவில் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் இருந்தார். சோதனையின்போது அடிக்கடி கணினி நிற்கும், ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டால் நேரம் போகிறது. அதனால் அணைக்காமலே திரும்பத் தொடங்க ஒரு கூட்டு கீ வைத்தார். முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்றுதான் வைத்தார்களாம். மூன்றும் இடது பக்கம் இருப்பதால் கை தவறிப் பட்டுவிடும் என்று எஸ்கேப்பை எடுத்து, வலது கோடியில் இருந்த டெலீட்டை வைத்தார்கள். தெரியாமல் நடக்கக் கூடாது, இரண்டு கை வேண்டும் என்பதுதான் அதன் யோசனை.

இப்போது அது மெனுவைத்தான் திறக்கும். அதில் இருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போகலாம். முழுத்திரை விளையாட்டு உறைந்து டாஸ்க் மேனேஜரை மறைத்தால், விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி (D) அழுத்திப் புது டெஸ்க்டாப் ஒன்றைத் திறந்து அங்கே டாஸ்க் மேனேஜரை வரவழைக்கலாம். டாஸ்க் மேனேஜரே உறைந்துவிட்டால்? கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப்பை மறுபடி அழுத்துங்கள். பழையதை எழுப்பப் பத்து செகண்ட் வரை பார்க்கும், எழாவிட்டால் புதிதாக ஒன்றைத் திறக்கும். 1996இல் விண்டோஸ் என்டி 4.0வில் வந்த அந்த டாஸ்க் மேனேஜரை எழுதிய டேவ் பிளம்மர் சொன்ன விவரம் இது. மாட்டிக்கொண்டவன் தவிப்பை யோசித்து எழுதியிருக்கிறார் அந்த மனிதர், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பாக்கிக்கணக்கு | மறுநாள் காலை 9.40

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஏழே முக்காலுக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

காலையில் வந்து விசாரித்தேன். பிரிண்டர் குடோன் பக்கம் இருக்கிறது, போன வாரம்தான் புதிதாக நெட்வொர்க்கில் போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு லோடு ஏற்றி முடித்ததும் அங்கே இருக்கும் தம்பி லைட், ஃபேன், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைத்துவிட்டுப் போகிறான். செவ்வாய்க்கிழமை எக்செல் நின்றதும் ஆறரைக்குத்தான். பகலில் ஒரு தடவைகூட ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. அவன்மேல் தப்பில்லை, யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அண்ணா சொன்னபடி பிடிஎஃப் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கினேன். சோதித்துப் பார்க்க நானே போய் அந்த சுவிட்சை அணைத்துவிட்டு வந்து கன்ட்ரோல் பி அழுத்தினேன். உடனே வந்தது. ஆட்டோ ரெக்கவர் டிக் நீங்கள் சொன்ன மாதிரியே எடுபட்டிருந்தது, போட்டு 3 நிமிடம் வைத்தேன்.

ஒரே ஒரு கேள்வி. பக்கத்து சீட் அக்காவுக்கு டாஸ்க் மேனேஜர் என்றாலே பயம். விண்டோஸ் 11இல் அவருக்குச் சுலபமாக ஏதாவது இருக்கிறதா?

இரவுப்பணி | காலை 10.02

இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ‘ஃபார் டெவலப்பர்ஸ்’ (புதிய பதிப்புகளில் ‘அட்வான்ஸ்டு’) பக்கத்தில் ‘எண்ட் டாஸ்க்’ என்ற சுவிட்சைப் போட்டுவிடுங்கள். அப்புறம் கீழே டாஸ்க்பாரில் அந்தப் புரோகிராம் ஐகானில் ரைட் கிளிக் செய்தாலே எண்ட் டாஸ்க் வரும். ‘டெவலப்பர்’ என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஆனால் அது கத்திதான், சேவ் செய்யட்டுமா என்று கேட்காது. அக்காவிடம் முதலில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

பாக்கிக்கணக்கு | காலை 10.15

போட்டுக் கொடுத்துவிட்டேன். படம் எடுக்கவும் சொல்லிவிட்டேன். குடோன் சுவிட்ச் பக்கத்தில் ‘பிரிண்டரை அணைக்கும் முன் ஆபீசில் ஒரு வார்த்தை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.